குளவி கொட்டிய முதல் ஒரு மணி நேரமும் மறுநாள் காலையும்

குளவி கொட்டினால் என்ன செய்வது என்று எங்கள் தெருவில் கேட்டால் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். மறுநாள் காலையில் என்ன ஆகும் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. என் ஐந்து வயது மகளைக் குளவி கொட்டிய பிறகு நான் பட்ட பாட்டில் பாதி, இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் பட்டதுதான். ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாயும் போயிற்று. பணம் போனதைவிட, தேவையில்லாத ஊசிகளுக்காக அந்தக் குழந்தை அலறியதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். வீட்டின் முன்பகுதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனைவி ஆசிரியை. ஏப்ரல் மாதம், பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போயிருந்தாள். முகாமுக்குள் கைப்பேசிக்கு அனுமதி கிடையாது. மாலையில் வெளியே வந்தால்தான் பேச முடியும். குழந்தைக்கு விடுமுறை. கொல்லையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த பழைய சைக்கிளின் மேல் ஏறி விளையாடப் போனவள், தார்ப்பாயை இழுத்திருக்கிறாள். இருக்கைக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் குளவிக்கூடு. அலறல் கேட்டு ஓடினேன். வலது கை மோதிர விரலில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, இடது கண்ணுக்குச் சற்றுக் கீழே கன்னத்தில் ஒன்று. அவள் அதே இடத்தில் நின்று கையை வீசிக்கொண்டிருந்தாள். தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்து கதவைச் சாத்தினேன். மருந்து, தண்ணீர் எல்லாம் அதற்கு அப்புறம்தான். கூட்டைக் கலைத்தவரைக் குளவி துரத்தும். தேனீயைப் போல ஒரு கொட்டோடு அது சாவதில்லை. அதன் கொடுக்கு வழுவழுப்பானது, எத்தனை தடவை வேண்டுமானாலும் குத்தி எடுக்கும். கையை வீசினால் இன்னும் மூர்க்கமாகும்.

அதனாலேயே குளவி கொட்டிய இடத்தில் முள் தேட வேண்டியதில்லை. ஊக்கைத் தீயில் காட்டிக் குத்திக் கிளறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குளவி விஷயத்தில் அது வீண் சித்திரவதை. தேனீ என்றால் கதை வேறு. முள்ளோடு விஷப்பையும் சேர்ந்து தோலில் நின்றுவிடும், அது விஷத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். நகத்தால் சுரண்டியோ, பிடுங்கியோ, எப்படியாவது அந்த நொடியே எடுத்துவிட வேண்டும். எந்த விதமாக எடுப்பது என்று யோசித்து நிற்கும் நேரத்தில்தான் கூடுதல் விஷம் ஏறும். கொட்டியது எது என்று தெரியாவிட்டால் அந்த இடத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தால் போதும். கறுப்பாகத் துருத்திக்கொண்டு எதுவும் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவினேன். அடுத்து வளையல்களையும் மோதிரத்தையும் கழற்றினேன். பிறந்தநாளுக்கு அவளுடைய ஆயா போட்ட மெல்லிய தங்க மோதிரம், கொட்டு வாங்கிய அதே விரலில் இருந்தது. அதற்குள்ளாகவே விரல் தடிக்கத் தொடங்கிவிட்டது. அவள் வலியில் கையைப் பிடுங்குகிறாள், நான் சோப்பு நுரையைத் தடவித் திருகித் திருகி எடுக்கிறேன். இந்த நேரத்தில் நகையா முக்கியம் என்று எட்டிப் பார்த்த ஒருவர் கடிந்துகொண்டார். மறுநாள் அந்த விரல் இருந்த நிலையைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். வீங்கிய விரலில் மோதிரம் மாட்டிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைபடும், பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். கையில் கொட்டினால் வளையல், மோதிரம், காலில் கொட்டினால் கொலுசு, மெட்டி. முதல் ஐந்து நிமிடத்திலேயே கழற்றிவிடுங்கள்.

பிறகு பனிக்கட்டி. துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து, சிறிது நேரம் விட்டு, மறுபடியும் வைத்தேன். நேராகத் தோலில் வைத்தால் குழந்தையின் தோல் தாங்காது. ஐஸ் இல்லாத வீட்டில் குளிர்ந்த நீரில் நனைத்த துணி போதும். கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தேன். செய்ய வேண்டிய கைவைத்தியம் உண்மையில் இவ்வளவுதான். இது இத்தனை எளிதாக இருப்பதாலோ என்னவோ, யாருக்கும் இதில் திருப்தி வருவதில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கை எங்கள் தெருக் குழந்தைகளுக்கு எத்தனையோ நல்லது செய்திருக்கிறது. ஆனால் சுண்ணாம்பு கடுமையான காரம். கண்ணுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் அதைத் தடவி, அழுகிற குழந்தை கண்ணைக் கசக்கினால் கருவிழி வெந்துபோகும். சுண்ணாம்பு கண்ணில் பட்டுப் பார்வை கெட்ட குழந்தைகள் நம் நாட்டில் ஏராளம் என்பதைக் கண் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்கள். "வேண்டாம் பெரியம்மா, கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது" என்றேன். "நாங்கள் எல்லாம் பிள்ளை வளர்க்கவில்லையா?" என்று கோபித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் ஒருவர் இரும்பைத் தேய்க்கச் சொன்னார். ஒருவர் மண்ணெண்ணெய் என்றார். படித்த பையன் ஒருவன், தேனீ விஷம் அமிலம், குளவி விஷம் காரம், அதனால் வினிகர் ஊற்றினால் சமனாகிவிடும் என்று வேதியியல் பாடமே நடத்தினான். விஷம் இறங்கியிருப்பது தோலுக்கு அடியில். அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவு. மேலே ஊற்றுகிற எதுவும் அதைத் தேடிப் போய்ச் சமன் செய்யப்போவதில்லை. வெங்காயம் தேய்ப்பதால் பெரிய கெடுதல் இல்லை, வேண்டுமானால் மனத் திருப்திக்குத் தேய்த்துக்கொள்ளலாம். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சாணம் மூன்றையும் குழந்தையின் பக்கத்திலேயே விடாதீர்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் சிரப் கொடுத்தேன். இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் சிரப் ஒரே அளவு வீரியம் உள்ளது அல்ல. ஐந்து மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கிற புட்டியும் உண்டு, 250 மில்லிகிராம் இருக்கிற புட்டியும் உண்டு. இவை போதாதென்று கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை என்பது கணக்கு. என் மகள் 17 கிலோ. எங்கள் வீட்டில் இருந்தது 250 புட்டி, அதில் ஐந்து மில்லி அவளுக்குச் சரி. போன தடவை வேறு புட்டியில் பத்து மில்லி கொடுத்த நினைவில் இதிலும் பத்து கொடுத்தால் இரட்டிப்பாகிவிடும். பதற்றத்தில் இருக்கும்போது புட்டியின் சிறிய எழுத்தைப் படிக்கத் தோன்றாது. அதனால் இப்போது மருத்துவரிடம் கேட்டு, அவளுக்கு எவ்வளவு என்பதைப் புட்டியின் மேலேயே பேனாவால் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். ஆஸ்பிரின் மட்டும் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போதே, எதிர்வீட்டு ஆட்டோக்காரத் தம்பியை அழைத்து வண்டியை வாசலில் நிறுத்தச் சொன்னேன். அன்று செய்தவற்றில் எனக்கு மிகவும் நிம்மதி தந்தது அதுதான். குளவிக்கடியில் உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் விஷத்தின் அளவினால் அல்ல, ஒவ்வாமையினால். ஒரே ஒரு கொட்டே போதும். அது வருவதாக இருந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே, மிஞ்சினால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆகவே அந்த நேரம் முழுவதும் நான் பார்த்துக்கொண்டிருந்தது கொட்டிய இடத்தை அல்ல. கொட்டாத இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டையைத் தூக்கி வயிற்றிலும் முதுகிலும் காணாக்கடி போலத் தடிப்புகள் கிளம்புகின்றனவா, உதடும் நாக்கும் தடிக்கின்றனவா, குரல் கம்முகிறதா, விடாமல் இருமுகிறாளா, மூச்சில் விசில் சத்தம் வருகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, வாந்தி எடுக்கிறாளா, துவண்டு சாய்கிறாளா? அழுகிற குழந்தை பயத்தில் அழுகிறதா, மூச்சுக்குத் திணறுகிறதா என்று ஒரு தகப்பன் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட அவஸ்தை என்பதை எழுத எனக்குத் திறமை போதாது. சுற்றி நின்ற கூட்டம் மருந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. அவள் பேசுவது என் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே எல்லோரையும் வெளியே அனுப்பினேன்.

சிறிது நேரத்தில் "வயிறு வலிக்கிறது அப்பா" என்றாள். கொட்டியது கையிலும் கன்னத்திலும், வயிறு ஏன் வலிக்க வேண்டும்? பூச்சி கொட்டிய பிறகு வரும் வயிற்றுவலியும் வாந்தியும் ஒவ்வாமையின் அறிகுறியாக இருக்கலாம் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. யோசிக்கவில்லை, ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். மடியில் நீளவாக்கில் படுக்க வைத்துக்கொண்டேன். ஒவ்வாமை என்ற சந்தேகம் இருந்தால் குழந்தையை நடக்கவோ எழுந்து நிற்கவோ விடக்கூடாது, இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்கார வைக்கலாம். வண்டி கிடைக்காதவர்கள் 108-ஐ அழைக்கும்போது பூச்சி கொட்டியது என்று மட்டும் சொல்லாமல், மூச்சுத் திணறலோ உடம்பெங்கும் தடிப்போ இருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

போனது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. தனியார் மருத்துவமனை இன்னும் தூரம் என்பதால் மட்டுமல்ல, அட்ரினலின் ஊசி அங்கே இருக்கும் என்பதால். கடுமையான ஒவ்வாமைக்கு முதல் மருந்து அதுதான். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். பலர் நினைப்பதுபோல் அரிப்புக்குக் கொடுக்கும் அலர்ஜி மாத்திரை மூச்சடைப்பை நிறுத்தாது. மாத்திரை கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருப்பது ஆபத்து. செவிலியர் அக்கா அவளுடைய எடையைக் கேட்டார், "தேவைப்பட்டால் 0.17 மில்லி போடவேண்டும்" என்று இன்னொருவரிடம் சொல்லி மருந்தை எடுத்து வைத்துவிட்டுத் தோல், மூச்சு, நாடித்துடிப்பு எல்லாம் பார்த்தார். எதுவும் இல்லை. அரைமணி நேரத்தில் பிஸ்கட் கேட்டாள். காலையில் அரை இட்லியோடு ஓடிப்போன குழந்தை, பசி. இருந்தாலும் சில மணி நேரம் அங்கேயே வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள். செலவு எதுவும் இல்லை. பசிக்காக ஆட்டோ பிடித்துப் போனவன் என்று மைத்துனர் இன்றுவரை கேலி செய்கிறார், செய்யட்டும்.

கூட்டம் அதிகமாக இருந்த நாள். மருத்துவர் அரிப்புக்கு ஒரு சிரப் எழுதிக் கொடுத்து, மூச்சுத் திணறினால் உடனே கொண்டு வாருங்கள் என்றார். மறுநாள் வீக்கம் இன்னும் கூடும் என்ற ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை.

காலையில் அவள் எழுந்தபோது இடது கண் திறக்கவில்லை. கன்னம் பூரி போல உப்பி, கண் இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் தெரிந்தது. வலது கை முழங்கை அருகே வரை சிவந்து தடித்திருந்தது. முந்தைய நாள் தைரியமாக இருந்தவன் நான். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கால்கள் தளர்ந்துவிட்டன. மனைவி அழத் தொடங்கினாள். என் மாமியார் தொலைபேசியில், "மாப்பிள்ளை, விஷம் கண்ணுக்கு ஏறிவிட்டது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றார். ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே கையைப் பார்த்தவுடனேயே கிருமித் தொற்று என்றார்கள். இரத்தப் பரிசோதனை, நரம்பில் ஊசி ஏற்றி ஆன்டிபயாட்டிக், டி.டி. ஊசி, ஓர் இரவு படுக்கை. அந்தப் பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்காமல் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். குளவி கொட்டியபோது அழுததைவிட அன்று அதிகம் அழுதாள். காய்ச்சல் ஒருபோதும் இல்லை. ஐந்து வயதுத் தடுப்பூசி போட்டிருக்கிறோம் என்று அட்டையைக் காட்டியும் டி.டி. ஊசியைத் தவிர்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தபின் ஆன்டிபயாட்டிக் தந்த வயிற்றுப்போக்கு தனியாகப் படுத்தியது.

மனைவியின் பள்ளித் தோழி ஒருத்தி அரசு மருத்துவமனையில் குழந்தைகள் நல மருத்துவர். காகிதங்களையும் படங்களையும் அனுப்பினோம். அவர் சொன்ன விளக்கத்தைத்தான் நான் அச்சடித்து எங்கள் கடையில் ஒட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். குளவிக்கொட்டின் வீக்கம் முதல் நாளோடு நிற்பதில்லை, 24 முதல் 48 மணி நேரம் வரை வளரும். பிறகுதான் வடியும், முழுவதும் வடிய ஒரு வாரம் பத்து நாள்கூட ஆகலாம். முதல் இரண்டு நாளில் வரும் சிவப்பும் வீக்கமும் பெரும்பாலும் கொட்டிய பகுதியோடு நிற்கும் ஒவ்வாமையின் வேலை, கிருமியின் வேலை அல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்க அவர் சொன்ன வழி எளிமையானது. வலியைவிட அரிப்பு மிகுந்து, குழந்தை ஓடியாடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அது ஒவ்வாமை வீக்கம். மூன்றாம் நாளுக்கு மேல் வலி குறையாமல் கூடிக்கொண்டே போய், தொட்டால் சுட்டு, காய்ச்சலோ சீழோ வந்தால் அது தொற்று. அப்போதுதான் ஆன்டிபயாட்டிக் தேவை. சிவப்பின் ஓரத்தைச் சுற்றி பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் நேரத்தையும் எழுதிவையுங்கள் என்றார். வீக்கம் நகர்கிறதா நிற்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும், பயத்தில் இருக்கும் பெற்றோரின் கண்ணை நம்ப வேண்டியதில்லை.

கண்ணைப் பற்றியும் கேட்டேன். இமையைச் சுற்றியுள்ள தோல் மெல்லியது, தளர்ந்தது. கன்னத்திலோ நெற்றியிலோ கொட்டினாலே நீர் அங்கே வந்து தங்கும், படுத்து எழுந்த காலையில் மிகவும் அதிகமாகத் தெரியும். மாலைக்குள் சற்று இறங்கும். தலையை உயர்த்திப் படுக்க வைத்தால் குறையும். இமையை மெதுவாக விரித்துப் பார்த்தால் விழி தெளிவாக இருக்க வேண்டும், குழந்தைக்குப் பார்வை இருக்க வேண்டும். விழியிலேயே கொட்டியிருந்தாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் வலித்தாலோ கண் மருத்துவரிடம் அன்றே போக வேண்டும். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால் ஒவ்வாமை இல்லாவிட்டாலும் வீக்கமே மூச்சை அடைக்கும், அதை வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. குளிர்பானப் புட்டிக்குள் பூச்சி விழுந்திருப்பது தெரியாமல் குடிப்பதால் இப்படி நேர்வதுண்டாம்.

அடுத்த வாரம் முழுவதும் அரிப்பு. நகங்களை ஒட்ட வெட்டினேன், கலமைன் தடவினேன், இரவில் சிரப் கொடுத்தேன். அது தூக்கம் வரவைக்கும் என்பதால் பகலில் கொடுப்பதைத் தவிர்த்தோம். மறுமுறை கொட்டினால் என்ன ஆகும் என்ற பயம் மனைவிக்கு இருந்தது. இப்படிப் பெரிதாக வீங்குகிற குழந்தைகளில் மிகச் சிலருக்குத்தான் பின்னாளில் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வருமாம். மறுமுறையும் இதேபோல வீங்கும் என்று எதிர்பார்க்கலாம். உடம்பெங்கும் தடிப்போ மூச்சுத் திணறலோ ஒருமுறை வந்திருந்தால்தான் ஒவ்வாமை நிபுணரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கூட்டை எடுப்பதற்குப் பந்தம் கொளுத்த ஒரு கூட்டம் தயாராக நின்றது. பக்கத்தில் தார்ப்பாய், அதற்கப்பால் வைக்கோல்போர். நல்லவேளையாக யாரோ கொல்லைத் தென்னையை அண்ணாந்து பார்த்தார்கள். மட்டைகளுக்கு நடுவே குடம் அளவுக்குக் கதண்டுக் கூடு ஒன்று தொங்கியது. கதண்டு என்பது பெரிய வகைக் குளவி. எங்கள் பக்கத்தில் கதண்டு என்றால் பெரியவர்களே நடுங்குவார்கள். சைக்கிள் குளவி மூன்று கொட்டோடு விட்டது. கதண்டு கூட்டமாக வந்து இருபது, முப்பது இடத்தில் கொட்டும்போது ஒவ்வாமையே இல்லாதவருக்கும் விஷத்தின் அளவினாலேயே தசை சிதைந்து சிறுநீரகம் கெடும். அப்படிக் கொட்டு வாங்கியவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், அடுத்த சில நாட்கள் சிறுநீர் கறுத்தோ சிவந்தோ அளவு குறைந்தோ போகிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தைக்கு அதைவிடக் குறைந்த எண்ணிக்கையே போதும்.

101-ஐ அழைத்தோம். தீயணைப்புத் துறையினர் இருட்டிய பிறகு வந்தார்கள். பகலில் இரை தேடப் போனவை எல்லாம் கூட்டுக்குத் திரும்பியிருக்கும் நேரம் அது. இரண்டு கூட்டையும் எடுத்துவிட்டுப் போனார்கள், பணம் எதுவும் கேட்கவில்லை. வீட்டுச் சுவரில் மண் உருண்டை வைத்துக் கட்டும் குளவியின் கூட்டை மட்டும் எடுக்கப் பெரியம்மா விடவில்லை. அது கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது அவர் நம்பிக்கை. அந்த மண் குளவி தனியாக வாழ்வது, தொந்தரவு செய்யாவிட்டால் கொட்டாது, அதனால் நானும் விட்டுவிட்டேன். காகிதம் போன்ற கூட்டில் அறை அறையாகத் தொங்குவதுதான் வம்பு. கோடை விடுமுறை தொடங்கும் முன் சைக்கிள் இருக்கையின் அடிப்பக்கம், தண்ணீர்த் தொட்டி மூடி, சன்னல் மேல் சிமென்ட் பலகையின் அடி, திறக்காத கதவின் மேல்விளிம்பு, கொடி கட்டிய இரும்புக் குழாயின் திறந்த முனை ஆகியவற்றைத் தூரத்தில் நின்று பார்த்துவிடுங்கள். ஒரே இடத்துக்குக் குளவி போய்வந்து கொண்டிருந்தால், கூடு கண்ணில் படாவிட்டாலும் அங்கே இருக்கிறது என்று பொருள்.